நண்பகல் ஊசியின் நுனியிலே

மலையொன்றுக்கு ‘நண்பகல் ஊசி’ என்று பெயர் வைத்தவர்கள் கைமணிக்கூடு கட்டிய மக்களாய் இருந்திருக்க முடியாது. பிரான்சு தேசத்தின் கிழக்கு எல்லையிலே, இத்தாலியும் சுவிற்சர்லாந்தும் வந்து கூடுகின்ற இடத்துக்கு அண்மையில், சாமொனி என்றொரு பள்ளத்தாக்கு ஊர் உண்டு. அவ்வூரின் நடுவில் நின்று தென்திசையை அண்ணாந்து பார்த்தால், வானத்தைக் குத்த எழுந்தது போல ஒரு கற்கூர் தோன்றும். சூரியன் அக்கூரின் நேர்மேலே வந்து நிற்கும் வேளையே உச்சிப்பொழுது. வயலில் நின்ற குடியானவனுக்கு மலையே மணிக்கூடு. ‘எகுயி டு மிடி’ என்னும் பிரெஞ்சுப் பெயரின் பொருளும் அதுதான்.

இவ்வூசியின் நுனி கடல் மட்டத்திலிருந்து 3,842 மீற்றர் உயரத்தில் உள்ளது. நமது நாட்டின் தலையாய மலையாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். அதன் மேலே இன்னும் ஆயிரத்து முந்நூறு மீற்றருக்கு ஒரு மலையைத் தூக்கி வைத்தாற்போல என்று மாணவர்கள் எண்ணிக்கொள்ளலாம். இத்துணை உயரத்துக்கு மனிதரை ஏறக்குறைய இருபது நிமிடங்களிலே தூக்கிச் சென்று இறக்கிவிடுகின்றது, ‘கேபிள் கார்’ எனப்படும் கம்பிவட வண்டி. காலால் ஏறினாற் கைதேர்ந்தவர்களுக்கே பெரும்பாடான இடத்துக்கு, காலணியில் ஒரு துளி சேறும் படாமற் போய்விடலாம். ஆனால் வண்டி ஏறுகின்ற வேகத்தில் நமது குருதியும் நுரையீரலும் ஏறி வருமா என்பது வேறு விடயம். அதனை நாம் ஓர் ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமையன்று நேரிற் கண்டோம்.

ஜெனீவா நகரில் நமது அக்காளும் அத்தானும் வசிக்கின்றனர். அத்தான் ஊரை விட்டுப் புறப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அத்தனை காலமும் ஹோட்டற் சமையலறைகளிலேதான் அவருடைய சீவியம். முதலிற் பாத்திரம் கழுவினார். பின்னர் காய்கறி வெட்டினார். இப்பொழுது ஒரு சமையலறையின் பாதி அவர் சொற்படி நடக்கின்றது. தெளிந்த நாட்களில் ஜெனீவா ஏரிக்கரையில் நின்றால் மோன் பிளாங் என்னும் வெண்மலை தொலைவிலே வெள்ளைத் துணி போர்த்தது போலத் தெரியும். முப்பது ஆண்டுகளாக அத்தான் அதனை வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கின்றார். அருகே போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலே ஹோட்டலுக்கு வேலை கூட. மற்ற நாட்களிலே மலைக்குப் போக மனம் வராது. “அடுத்த வருஷம் பாப்பம்” என்று சொல்லிச் சொல்லியே காலம் கழிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இருதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, வைத்தியசாலையில் அதற்குச் சிகிச்சை பெற்ற பின்னர்தான், அடுத்த வருஷம் என்பது எல்லோருக்கும் நிச்சயமாகக் கிடைக்கும் பொருளன்று என்று அவருக்குத் தோன்றியது போலும்.

புறப்படுமுன் வைத்தியரைக் கேட்டார்கள். வைத்தியர் ஒரு கோட்டைக் கீறிவிட்டார்: இரண்டாயிரத்து ஐந்நூறு மீற்றருக்கு மேலே ஒரே மூச்சில் ஏறுதல் இப்போதைக்குக் கூடாது, அதற்குக் கீழே, ஆறுதலாக நடந்து, குளிர் படாமல் இருந்தாற் குற்றமில்லை. நமது தமிழ்க் குடும்பங்களிலே வைத்தியர் சொல்லைப் படலையோடு விட்டுவிட்டு வருகின்ற வழக்கம் உண்டு. இங்கே அது நடக்கவில்லை. கம்பிவட வண்டிப் பாதையின் நடுவிலே ஒரு நிலையம் இருப்பதும், அதன் உயரம் 2,317 மீற்றர் என்பதும், அதுவரைக்கும் மாத்திரம் ரிக்கற் எடுக்கலாம் என்பதும் மருமகளின் ஆராய்ச்சியினாலே தெரியவந்தன. பதினேழு வயதுப் பெண். புவியியலை விருப்பப் பாடமாகப் படிக்கின்றாள். அவளே அன்றைய பயணத்தின் தலைவி.

ஜெனீவாவிலிருந்து சாமொனிக்குக் காரிலே ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. எல்லையைக் கடந்ததை நாமே கவனிக்கவில்லை. ஆயினும் இலங்கைக் கடவுச்சீட்டுடன் போகின்றவர்கள், ஊர் சிறிது, தூரம் சிறிது என்று அதனை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லலாகாது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகின்றோம் என்பதை மறத்தல் நன்றன்று.

சாமொனி பள்ளத்தாக்கில் 1,035 மீற்றர் உயரத்தில் அமைந்த ஊர். 1924ஆம் ஆண்டில் முதலாவது குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் இங்கேதான் நடைபெற்றன. வண்டி நிலையத்தின் வாயிலிலே ஒரு பலகையில் வெப்பநிலை காட்டப்பட்டிருந்தது. ஊரிலே 9 பாகை. உச்சியிலே பூச்சியத்துக்குக் கீழே 8 பாகை. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் கூடும்போதும் வெப்பநிலை ஏறக்குறைய ஆறு பாகை குறையும் என்று வகுப்பிலே நாம் வருடந்தோறும் கரும்பலகையில் எழுதுகின்றோம். அந்தக் கணக்கு அன்று நமது காது மடல்களிலே சரிபார்க்கப்பட்டது. அக்காள் யாழ்ப்பாணத்திலிருந்து நாம் கொண்டுபோன கம்பளிச் சட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அத்தானின் பழைய தடித்த மேலங்கியொன்றை நமக்கு மாட்டிவிட்டார். மேலங்கியின் பையிலே ஓர் ஏலக்காய் கிடந்தது. அவர் தொழிலின் அடையாளம்!

முதலாவது வண்டியிலே ஏறக்குறைய எழுபது பேர் நின்றுகொண்டே செல்லலாம். கதவு மூடிற்று; தரை மெல்ல விலகிற்று. ஊரின் கூரைகள், ஆறு, பின்னர் தேவதாரு மரங்களின் தலைகள். தேவதாருக்களின் நடுவே, இலையுதிர்காலத்தில் மஞ்சளித்துப் போகும் ஒருவகை ஊசியிலை மரங்களும் நின்றன; காட்டுக்குள்ளே ஆங்காங்கு விளக்கேற்றி வைத்தது போன்ற தோற்றம். கம்பியைத் தாங்கி நிற்கும் கோபுரத்தை வண்டி கடக்கின்றபோது ஒரு குலுக்கல் உண்டாகும். அவ்வேளை வண்டிக்குள் நின்ற பல தேசத்து மக்களும் ஒரே மொழியில் “ஆ” என்றனர். காதடைத்தது. எச்சிலை விழுங்கினாற் திறந்துகொள்ளும் என்று அக்காள் சிறுவர்க்குச் சொல்வதுபோல நமக்கும் சொன்னார்.

நடு நிலையத்தில் இறங்கியபோது மரங்கள் முடிந்துவிட்டன. கற்களும், காய்ந்த புல்லும், முதல் நாள் இரவு தூவிய மெல்லிய பனியுமே இருந்தன. அத்தான் குனிந்து ஒரு பிடி பனியை அள்ளிப் பார்த்தார். ஜெனீவாத் தெருக்களில் முப்பது மாரிகள் பனியிலே வழுக்கி நடந்தவருக்கு அது புதிய பொருளன்று. ஆனால் யாரும் மிதிக்காத பனியை அவர் அன்றுதான் தொட்டாரென நினைக்கின்றோம்.

அடுத்த வண்டி வரும்வரை அவர் மதிலோரத்தில் நின்று கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் மகளைக் கூப்பிட்டு, “இங்கை பார் பிள்ளை, ஒண்டு ஏறேக்கை மற்றது இறங்குது. எங்கடை கிணத்துத் துலாதான்” என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லமுடியாது. கம்பிவட வண்டிகளில் இவ்வகைக்கு எப்பொழுதும் இரண்டு வண்டிகள் இருக்கும். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வரும். ஒன்றின் பாரம் மற்றதை இழுப்பதற்கு உதவி செய்யும். ஆகவே பொறியானது இரண்டு பாரங்களுக்கும் உள்ள வேறுபாட்டையும் உராய்வையும் மாத்திரம் வென்றாற் போதும். துலாவின் பின்புறத்திலே பாரம் கட்டுவது எதற்காகவோ, அதற்காகவே இதுவும். வடங்களும் இருவகைப்படும். தடித்த வடம் தண்டவாளம் போன்றது. அது அசையாமற் கிடக்கும். வண்டியின் சில்லுகள் அதன்மேல் உருளும். மெல்லிய வடம் வண்டியை இழுப்பது. இழுக்கும் வடம் அறுந்தாலும் தடித்த வடத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் தடைக்கருவிகளை வண்டியின் தலையிலே பொருத்துவது வழக்கம். நமது மலையகத்திலும் முற்காலத்தில் சில தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்துச் சாக்குகளைக் கம்பி வழியே தொழிற்சாலைக்கு இறக்கினார்கள். சாக்குக்குப் பயமில்லை ஆதலால் அங்கே தடைக்கருவி பற்றி எவரும் அதிகம் கவலைப்பட்டிருக்கமாட்டார்கள்.

வண்டி வந்தது. அக்காள் அத்தானைப் பார்த்தார். அத்தான் நம்மைப் பார்த்தார். “தம்பி, நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போம். நாங்கள் இதிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறம்” என்றார். அக்காளை மேலே போகும்படி அவர் எவ்வளவோ சொல்லியும் அக்காள் இசையவில்லை. “உச்சியைப் பாக்க எனக்கு அவசரமில்லை” என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் குடுவையைத் திறந்தார். இவ்வளவுதான் நடந்தது. ஆனால் எல்லைக் கோட்டை அறிந்து அதன் இப்புறத்தில் அமைதியாக உட்காருகின்ற மனிதரை, எல்லாவற்றையும் ஏறிப் பார்த்துவிட்டேன் என்று சொல்கின்ற மனிதரிலும் நாம் மேலாக மதிக்கின்றோம்.

இரண்டாவது பகுதி முதலாவதைப் போன்றதன்று. நடு நிலையத்துக்கும் 3,777 மீற்றர் உயரத்தில் உள்ள மேல் நிலையத்துக்கும் இடையில் ஒரு தாங்கு கோபுரமேனும் இல்லை. கோபுரம் நாட்டுவதற்கு அங்கே நிலமே இல்லை. கீழே பிளந்து கிடக்கும் பனிக்கட்டியாறு. முன்னே செங்குத்தான வடமுகப் பாறை. ஒரே தொங்கலாகக் கம்பி வானத்திலே போகின்றது. பாறையை நெருங்க நெருங்க வண்டி முன்னே செல்வதை விட்டு மேலே ஏறுவது போலாகிவிடுகின்றது. கண்ணாடிக்கு வெளியே கையெட்டும் தூரத்திற் போலக் கருங்கற் சுவர் வழுக்கிக் கீழே போயிற்று. வண்டிக்குள்ளே பேச்சு நின்றுவிட்டது.

இந்தக் கம்பியை எப்படிக் கட்டினார்கள் என்பதே நாம் அன்று முழுவதும் எண்ணிய கேள்வி. 1924ஆம் ஆண்டில் ஒலிம்பிக் விளையாட்டுகளை ஒட்டி இம்மலையின் அடிவாரப் பகுதிக்கு ஒரு பழைய கம்பிப்பாதை திறக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டில் அது மேலும் நீட்டப்பட்டது. ஆனால் உச்சிக்குச் செல்லவில்லை. இன்றுள்ள பாதையை அமைக்க முன்வந்தவர் டினோ லோறா தொத்தினோ என்னும் இத்தாலியப் பொறியியலாளர். வடமுகப் பாறைக்கு நேரே கம்பி போடவேண்டுமென்று அவர் சொன்னபோது, அது நடவாத காரியம் என்றே பலர் எண்ணினர். அக்காலத்தில் அவ்வேலைக்கு உதவ வானூர்தியொன்றும் இல்லை. மலையேறுவதையே தொழிலாகக் கொண்ட ஏறக்குறைய முப்பது பேர், ஒரு தொன் எடையுள்ள முதல் வடத்தைத் தோளிலே வரிசையாகச் சுமந்துகொண்டு, உச்சியிலிருந்து அந்தப் பாறை முகத்தின் வழியே இறங்கினார்கள். ஒருவர் சறுக்கினால் வடத்தோடு மற்றவர்களும் போகவேண்டியதுதான். அந்த முதல் வடம் அடுத்த வடத்தை இழுத்தது. அது அதனிலும் தடித்ததை இழுத்தது. 1955ஆம் ஆண்டிலே பாதை மக்களுக்குத் திறக்கப்பட்டது. நாம் நின்ற வண்டியிலே பாதிப்பேர் கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். அந்த முப்பது முதுகுகளின் மேலேதான் நாமெல்லாம் ஏறிக்கொண்டிருந்தோம்.

மேல் நிலையம் பாறையைக் குடைந்து கட்டப்பட்டது. இரண்டு கற்கூர்களை ஒரு சிறு பாலம் இணைக்கின்றது. பாலத்தின் மேல் வீசிய காற்று முகத்தைக் கத்தியாற் சீவுவது போலிருந்தது. அப்பால் ஒரு படிக்கட்டு. இருபது படிகளும் இருக்கமாட்டா. நாளும் பாடசாலை மாடிக்கு ஏறியிறங்குகின்ற நாம், அந்த இருபதாவது படியிலே நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டோம். நெஞ்சு பறையடித்தது. நெற்றியில் ஒரு மெல்லிய வலி. மருமகள், “மாமா, கதையாமல் ஆறுதலா மூச்சு விடுங்கோ” என்றாள். கதையாமல் இருக்கும்படி ஓர் ஆசிரியருக்குச் சொல்லும் வாய்ப்பு அவளுக்கு அடிக்கடி கிட்டாது!

மலைமேலே காற்றில் ஒட்சிசன் குறைந்துவிடுகின்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழுதும் சரியன்று. காற்றின் நூறு பங்கிலே ஏறக்குறைய 21 பங்கு ஒட்சிசன் என்பது கடற்கரையிலும் இவ்வுச்சியிலும் ஒன்றுதான். குறைவது வளிமண்டல அமுக்கம். 3,842 மீற்றரிலே அது கடல் மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் மூன்று பங்கு அளவினதே. ஆகவே ஒரு மூச்சிலே உள்ளே போகின்ற காற்றின் அளவும், அதனோடு ஒட்சிசனின் அளவும் அவ்வாறே குறைகின்றன. குறையை ஈடுசெய்ய நுரையீரல் விரைகின்றது, இருதயம் விரைகின்றது. நடந்து ஏறுகின்றவன் சில நாட்களை எடுத்துக்கொள்வதால் உடல் சிறிது சிறிதாகப் பழகுகின்றது. வண்டியில் வருகின்றவனுக்கு அந்தத் தவணை இல்லை. நடு நிலையத்தின் உயரத்திலே அமுக்கம் கடல் மட்டத்தின் நான்கில் மூன்று பங்கு. வைத்தியர் கீறிய கோட்டின் பொருள் நமக்கு அப்படிக்கட்டிலேதான் நன்கு விளங்கிற்று. பெற்றோரை வெளிநாட்டுக்கு அழைத்து, அன்பின் மிகுதியால் முதல் வாரமே இத்தகைய உச்சிகளுக்குக் கொண்டுபோகின்ற பிள்ளைகள் இதனைக் கவனிக்கவேண்டும். இருதய நோயோ குருதியமுக்கமோ உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். கைக்குழந்தைகளைக் கொண்டுபோகவே கூடாது. காது வலிக்கின்றது, தலை சுற்றுகின்றது என்று அவற்றுக்குச் சொல்லத் தெரியாது.

சிற்றுண்டிச்சாலையிலே சூடான தேநீர் வாங்கினோம். கொதிநீர்தான், ஆனால் நாக்கைச் சுடவில்லை. இவ்வுயரத்திலே நீர் ஏறக்குறைய 87 பாகையிற் கொதித்துவிடும். கீழே வந்து இதனை அத்தானிடம் சொன்னபோது, “அப்ப அங்கை பருப்பு அவியாது” என்று உடனே தீர்ப்புக் கூறினார்.

பாறைக்குள்ளே ஒரு மின்தூக்கி இருக்கின்றது. அதிலே ஏறினால் உச்சித் தளம். மேகம் அன்று நமக்குக் கீழே கிடந்தது. ஊசிகள் போன்ற சிகரங்கள் நூற்றுக்கணக்கில் அதனைத் துளைத்துக்கொண்டு நின்றன. கிழக்கே வெகு தொலைவிலே, மற்றொர்ன் சிகரம் சாய்ந்த பிரமிட்டுப் போலத் தெரிந்தது. தெற்கே மோன் பிளாங். அது ஊசியன்று, கூருமன்று, உருண்ட வெண்முதுகு. கையை நீட்டினால் தொடலாம் போலிருந்தது. ஆனால் நாம் நின்ற இடத்துக்கும் அதன் உச்சிக்கும் இன்னும் ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் ஏற்றம். அதன் உயரத்தைக் கேட்டாள் மருமகள். ஒரே விடை கிடையாது. உச்சியிலே பாறையின்மேல் தடித்த பனி மூடியிருப்பதால், அது காற்றுக்கும் பருவத்துக்கும் ஏற்பக் கூடிக் குறையும். 2021ஆம் ஆண்டிலே அளந்தபோது 4,807.81 மீற்றர், 2023ஆம் ஆண்டிலே 4,805.59 மீற்றர். இரண்டு ஆண்டுகளில் இரண்டு மீற்றருக்கு மேல் மெலிந்துவிட்டது!

அந்த வெண்முதுகின்மேல் மனிதன் முதன்முதலாகக் கால் வைத்தது 1786ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 8ஆம் திகதி. ஜெனீவாவைச் சேர்ந்த விஞ்ஞானி சொசூர் என்பவர், 1760ஆம் ஆண்டிலேயே, உச்சிக்கு வழி கண்டவர்க்குப் பரிசு தருவதாக அறிவித்திருந்தார். இருபத்தாறு ஆண்டுகள் அப்பரிசு வாங்க ஆளில்லாமற் கிடந்தது. ஈற்றிலே சாமொனியைச் சேர்ந்த இருவர் வென்றனர். ஒருவர் பல்மா, மலையிலே பளிங்குக் கற்கள் பொறுக்கி விற்பவர். மற்றவர் பக்கார் என்னும் ஊர் வைத்தியர். பாரமானியையும் சுமந்துகொண்டு ஏறியவர். கயிறும் இல்லை, பனிக்கோடரியும் இல்லை; நீண்ட தடிகள் மாத்திரமே. இறங்கும்போது வைத்தியருக்குப் பனியொளியினாலே கண் தெரியவில்லை. அடுத்த ஆண்டிலே சொசூரும் தாமே ஏறினார். 1808ஆம் ஆண்டிலே மரி பராடி என்னும் அவ்வூர்ப் பெண்ணும் ஏறினாள். நமது வாசகிகள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

புகழ் பங்கிடப்பட்டதோ வேறு விதமாக. வெற்றி முழுவதும் பல்மாவுடையதே என்ற கதை ஊரெங்கும் பரவி, வைத்தியர் பின்னே நின்றவராக்கப்பட்டார். 1887ஆம் ஆண்டிலே சாமொனியின் நடுவில் எழுப்பிய சிலையில், பல்மா மலையைச் சுட்டிக்காட்ட சொசூர் பார்த்து நிற்கின்றார். பக்கார் அதில் இல்லை. அவருக்கெனத் தனிச் சிலை ஒன்று வைப்பதற்கு 1986ஆம் ஆண்டு, அதாவது இருநூறாவது நிறைவு, வரவேண்டியதாயிற்று. இத்தனைக்கும் பக்கார் பின்னாளில் மணந்தது பல்மாவின் சகோதரியை! மைத்துனர்களுக்கிடையே காணிச் சண்டை கேட்டிருக்கின்றோம். மலைச் சண்டை இப்பொழுதுதான் கேட்டோம்.

தளத்தின் ஓரத்திலே கண்ணாடிப் பெட்டியொன்று பாறைக்கு வெளியே தொங்கும்படி பொருத்தப்பட்டிருக்கின்றது. 2013ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே திறந்தார்கள். சுவரும் கூரையும் தரையும் கண்ணாடி. கீழே ஆயிரம் மீற்றர் வெறுமை. கண்ணாடி கீறுப்படாதிருக்கக் காலுக்கு மெதுவான உறை தருகின்றார்கள். மருமகள் உள்ளே போய்க் குதித்துக்கூடக் காட்டினாள். நாம் வெளியில் நின்று அவளுடைய மேலங்கியைக் காவல் காத்தோம். அதுவும் ஒருவர் செய்யவேண்டிய வேலைதானே.

தளத்திலிருந்து இத்தாலிய எல்லையை நோக்கி, பனிவெளியின் மேலாக, மற்றொரு கம்பிப்பாதை ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றருக்குச் செல்கின்றது. சிறு வண்டிகள் அதிற் செல்லுமாம். அன்று அது ஓடவில்லை. கம்பிகள் மட்டும் வெறுமையாய்த் தொங்கின. 1961ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி, பிரெஞ்சு விமானப் படையின் ஜெற் விமானமொன்று தாழப் பறந்து வந்து அந்தப் பாதையின் இழுவை வடத்தை அறுத்துச் சென்றது. வண்டிகள் சில விழுந்தன. ஆறு பேர் மாண்டனர். மற்ற வண்டிகளில் இருந்த பலர் பனிவெளிக்கு மேலே இரவு நெடுநேரம் தொங்கிக் கிடந்து, மலைவழிகாட்டிகளால் மீட்கப்பட்டனர். விமானம் தரையிறங்கிவிட்டது. பொறியாளர் காற்றுக்கும் பனிக்கும் பாரத்துக்கும் கணக்குப் போடலாம். மற்றொரு மனிதன் அவ்வழியே விமானம் ஓட்டி வருவான் என்று எந்தக் கணக்கிலே சேர்ப்பது?

இன்றைய அச்சம் வேறொன்று. இவ்வூசிகள் ஒரே கல் போலத் தோன்றினும், உள்ளே வெடிப்புகள் நிறைந்தவை. வெடிப்புகளுக்குள் நீர் புகுந்து ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கின்றது. அந்தப் பனியே சுண்ணச்சாந்து போலக் கற்களைப் பிடித்து வைத்திருக்கின்றது. உலகம் வெப்பமடைய அச்சாந்து இளகுகின்றது. சாமொனிப் பள்ளத்தாக்கிலேயே, துறு என்னும் புகழ்பெற்ற சிகரத்தின் ஒரு பெரும் தூண் 2005ஆம் ஆண்டிலே இடிந்து விழுந்தது. அருகே உள்ள ‘பனிக்கடல்’ என்னும் பனிக்கட்டியாறும் ஆண்டுக்காண்டு தாழ்ந்துகொண்டே போகின்றது. முன்னர் பனியின் விளிம்பிலே கட்டிய நிலையத்திலிருந்து இப்பொழுது வெகு கீழே இறங்கினாலன்றிப் பனியைத் தொடமுடியாது. ஆகவே நண்பகல் ஊசியின் உடம்பிலேயே ஆராய்ச்சியாளர்கள் ஆழமான துளைகளிட்டு, உள்ளே வெப்பமானிகளை வைத்து, நோயாளிக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் பார்த்து வருகின்றனர். மருமகள் இதனை நமக்கு விளக்கியபோது அவள் குரலில் ஒரு மாற்றம் இருந்தது. அவளுக்கு அம்மலை சுற்றுலாத் தலமன்று. அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் கோடிப்புறம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நாம் மேலே நிற்கவில்லை. நெற்றிவலி கூடுவதற்குமுன் இறங்கிவிடுவதே அறிவு. வண்டி இறங்க இறங்க மூச்சு இலகுவாயிற்று, வலியும் போயிற்று.

நடு நிலையத்திலே அக்காளும் அத்தானும் வெயில்படும் வாங்கொன்றில் இருந்தனர். பக்கத்தில் ஒரு முதிய பிரெஞ்சுத் தம்பதி. அவர்களும் வைத்தியர் கோட்டுக்கு உட்பட்டவர்களாம். அக்காள் கொண்டுவந்த பயற்றம் பணியாரம் இரு குடும்பங்களுக்கும் நடுவிலே திறந்து கிடந்தது. அத்தான் அதுவரை வண்டி ஏறியிறங்கியதை ஒன்றும் விடாமல் எண்ணி வைத்திருந்தார். மகளின் கைத்தொலைபேசியை வாங்கி, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, ஒவ்வொரு படமாகப் பார்த்தார். மோன் பிளாங், கண்ணாடிப் பெட்டி, மேகக் கடல் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போனவர், வடமுகப் பாறையும் அதன் குறுக்கே ஒற்றைக் கோடாய்ப் போகும் கம்பியும் உள்ள படத்தில் நிறுத்தினார்.

“இதை ஆர் கட்டினது?” என்று கேட்டார். முப்பது பேர் வடத்தைத் தோளிலே சுமந்து அப்பாறை வழியே இறங்கிய கதையைச் சொன்னோம். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து, “ஒரு நாளைக்கு என்ன கூலி குடுத்தவங்களாம்?” என்றார்.

அதற்குள் கீழே போகும் வண்டி வந்துவிட்டது. அக்காள் மிகுந்த பணியாரங்களைக் கடதாசியிற் சுற்றி அந்த முதியவர்கள் கையிலே கொடுத்தார். எல்லோரும் எழுந்து வரிசைக்குப் போனோம்.